விநாடிக்கு எட்டு லிட்டர்

...இருநூறை இருபத்தைந்தால் வகுத்தால் எட்டு, இதில் என்ன சந்தேகம், விநாடிக்கு எட்டு லிட்டர், அதை அழித்துவிட்டுத்தான் பிரவீனா ஐந்து என்று எழுதியிருந்தாள், அழித்த இடம் தாளில் கறுப்பாகத் தெரிந்தது. வீட்டுக் குழாயில் பாய்வு வீதம் கண்டுபிடித்து வரச் சொன்ன ஏசுவடியான் சார் முதல் பெஞ்சிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தார், சிங்காநல்லூர்ப் பிள்ளைகள் சிறுவாணிக் குழாயையும் குடத்தையும் சொன்னார்கள், அவர்களுக்கு என்ன கவலை... இவள் வீட்டுத் தோட்டத்தில் கிணறு ஒன்று, மோட்டார் இரண்டு, காலையில் அப்பாவுக்கு ஆறு மணி நேரம், மதியத்துக்கு மேல் பெரியப்பாவுக்கு ஆறு மணி நேரம், பாகம் பிரித்தபோது பேசி முடித்தது, மணியைப் பிரித்தார்களே தவிர தண்ணீரை யாரும் அளக்கவில்லை. போன வருசம் அப்பா பைப்பை மாற்றினார், பழசு துருப் புடிச்சுப்போச்சு என்றார், அதற்கு அதே அளவில் வாங்கினால் போதாதா, பெரிசாக எதற்கு... சனிக்கிழமை காலையில் அந்தப் பைப்பில் இருநூறு லிட்டர் டிரம்மை வைத்து அம்மாவின் வாட்சைப் பார்த்தபோது இருபத்தைந்து விநாடியில் நிரம்பியது, சாயங்காலம் சும்மா பெரியப்பா பைப்பிலும் வைத்தாள், நாற்பது விநாடி. சும்மாவா? அப்பாவை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால்தான் வெட்கமாக இருந்தது. பெரியப்பா மகன் கதிர்வேலும் இதே வகுப்பு, இரண்டு பெஞ்சு முன்னால், அவன் ஐந்து என்பான், அவள் எட்டு என்றால் இன்றைக்கே இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோகும், ஐந்து என்றால் ஒன்றும் இல்லை.

"கதிர்வேலு, உனக்கு எவ்வளவு?"

"எட்டுங்க சார்."

எட்டா? அவன் பைப்பில் எட்டு எப்படி வரும், அவளே அளந்தாளே, அந்தக் கிணற்றில் எட்டு வருகிற பைப் ஒன்றுதான்... அதற்குள் சார் அவளிடம் வந்துவிட்டார், வாய் நோட்டில் இருந்ததையே படித்தது, "அஞ்சுங்க சார்." "ரெண்டு பேருக்கும் ஒரே கெணறுதானே அம்மணி, உனக்கு மட்டும் ஏன் கம்மி?" யாரோ சிரித்தார்கள். கதிர்வேல் திரும்பவில்லை, காதுமடல் மட்டும் சிவந்திருந்தது. குறைவாக வருகிறதென்று எல்லார் முன்னாலும் சொல்ல ரோசமா, இல்லை அவளும் எட்டு என்பாள், சரியாகப் போகட்டும் என்றா... எதுவாக இருந்தால் என்ன, அப்பா பைப்பை அளந்திருக்கிறான், அப்படியானால் பெரியப்பாவுக்கும் தெரியும், எத்தனை நாளாகத் தெரியும், தெரிந்துகொண்டேதானா பொங்கலன்று வந்து அப்பா பக்கத்திலேயே இலை போட்டு உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து கண்ணு என்று அவளிடமே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.