இரண்டு புட்டிப் புழு

பிணநாற்றமெல்லாம் தன்னை ஒன்றும் செய்யாது என்று டாக்டரம்மா வாய்கொள்ளாமல் பெருமை பேசுவார். இருபத்திரண்டு வருடமாகப் பிணவறையில் அறுத்துப் பார்ப்பவர், பேசட்டும். அந்தப் பெருமையெல்லாம் சனிக்கிழமை காலை, மூன்றாம் மாடி வீட்டின் பின்னறைக் கதவு திறந்தவுடன் காற்றில் பறந்துவிட்டது. குடலைப் பிடுங்குகிற நாற்றம். எதிர்வீட்டுக்காரர் தாங்கமுடியாமல் போலீசைக் கூப்பிட, போலீஸ் டாக்டரம்மாவைக் கூப்பிட்டிருந்தது.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பெரியவர் ஒருக்களித்து விழுந்து கிடந்தார். ஜன்னல்கள் இறுக மூடியிருந்தன. மேலே விரல் நுழையும் அளவுக்கு ஒரு சந்து. ஈக்களுக்கு அது போதும். தரை செருப்பைப் பிடித்து இழுத்தது. பெரியவரின் வாயிலும் கண்ணிலும் புழு நெளிந்தது.

அந்தப் புழுக்களை வைத்துத்தான் நாள் சொல்ல வேண்டும். உடம்பின் சூட்டைப் பார்த்து நேரம் சொல்வதெல்லாம் முதல் நாளோடு சரி. அதற்குப் பிறகு ஈ எப்போது முட்டையிட்டது, அந்த அறையின் சூட்டில் புழு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்றுதான் கணக்குப் போடுவார்கள். அதில் ஒரு கண்டிப்பு உண்டு. புழுவை முதலில் கொதிநீரில் போட்டுக் கொல்ல வேண்டும், பிறகுதான் ஸ்பிரிட். உயிரோடு நேரே ஸ்பிரிட்டில் போட்டால் சுருண்டு சுருங்கிவிடும். நாலு நாள் புழு இரண்டு நாள் புழு மாதிரி தெரியும். இதை வருடா வருடம் மாணவர்களுக்குத் தொண்டை கிழியச் சொல்லிக் கொடுப்பவரே டாக்டரம்மாதான்.

அன்றைக்கு என்ன செய்தார் தெரியுமா? சமையலறையில் அடுப்பு இருந்தது, பாத்திரம் இருந்தது. இரண்டு நிமிட வேலை. இந்தக் கருமத்தை வேகவைத்துக்கொண்டு யார் நிற்பது என்று நினைத்தார். உயிரோடு அள்ளி ஸ்பிரிட்டில் போட்டு, மூடியைத் திருகி, மாடிப்படி இறங்கிவிட்டார். சாயங்காலம் அளந்தபோது பத்து மில்லிமீட்டர் இருந்தது. இன்ஸ்பெக்டர் விடாமல் நச்சரித்தார், சும்மா உத்தேசமாகச் சொன்னால் போதும் என்று கெஞ்சினார். வியாழக்கிழமை வாக்கில் இறந்திருப்பார் என்று டாக்டரம்மா வாயை விட்டார்.

அந்த ஒரு வார்த்தை ஒரு பெண்ணை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தது.

அந்த வீட்டில் பெரியவரைக் குளிப்பாட்டி ஊட்டிவிடும் ஆயாம்மா அவர். மகளுக்குப் பிரசவம் என்று அந்த வாரத் தொடக்கத்தில் ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாள் லீவு கேட்டிருந்தார். அந்த மூன்று நாளும் தானே பார்த்துக்கொண்டதாகப் பெரியவரின் ஒரே மகன் சொன்னான். செவ்வாய் இரவு அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, சாவியை ஆயாம்மா கையில் கொடுத்துவிட்டு, வேலையாக வெளியூர் போனதாகவும் சொன்னான். ஆயாம்மாவோ, சாவியே தன் கைக்கு வரவில்லை, இந்த வாரம் முழுக்க வர வேண்டாம் என்று மகன்தான் ஃபோனில் சொன்னான் என்று அழுதார். இருவரும் ஃபோனில் பேசியதற்குப் பதிவு இருந்தது. என்ன பேசினார்கள் என்பதற்கு இல்லை. வியாழக்கிழமை செத்தார் என்றால் பழி ஆயாம்மா தலையில்தான் விடியும்.

ஞாயிறு காலை போஸ்ட்மார்ட்டம். கூட நின்றவர் சுத்தம் அண்ணன். நாளுக்கு நாற்பது தடவை கை கழுவுகிற உதவியாளருக்குப் பிணவறை வைத்த பட்டப்பெயர் அது. உடம்பில் அடித்த காயம் இல்லை, கழுத்தில் நெரித்த தடம் இல்லை. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கட்டிலிலிருந்து விழுந்தவர் எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். கிடந்த இடத்தில் தண்ணீரும் இல்லை. இரைப்பையைத் திறந்தபோது சோற்றுப் பருக்கை ஒன்றுகூட இல்லை. ஈரமாக, வெள்ளையாக ஒரு உருண்டை மட்டும் இருந்தது. டாக்டரம்மா இடுக்கியால் பிரித்துப் பார்த்தார்.

"தலையணப் பஞ்சு மேடம்," என்றார் சுத்தம் அண்ணன். அறுக்கும்போது வாயே திறக்காதவர்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஊழியர் அறைக்குப் போய், கெட்டிலில் இருந்த வெந்நீரில் டீ போட்டுக் குடித்தார். செவ்வாய் இரவு வயிறாரச் சாப்பிட்டவர் வியாழனுக்குள் பஞ்சைத் தின்பாரா? கணக்கு உதைத்தது. பாதி டீ உள்ளே போன பிறகுதான் பின்னாலேயே வந்த சுத்தம் அண்ணன், அந்தக் கெட்டிலில் குடிக்க வேண்டாம் என்று இழுத்தார். ஏன் என்று கேட்டதற்கு அலமாரியிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து நீட்டினார். சனிக்கிழமை பிணம் வந்து இறங்கியதுமே அவர் தனியாக எடுத்து வைத்த புழு. கொதிநீர் வேண்டியிருந்தது, கெட்டிலில் கொதித்துக்கொண்டிருந்தது.

"கெட்டிலுக்குள்ளயேவா போட்டீங்க?"

"மூணு தடவ கழுவிட்டேன் மேடம்."

சீ என்றாகிவிட்டது டாக்டரம்மாவுக்கு. நாக்கை வழித்து எறிய வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் கை தானாகப் போய் அளவுகோலை எடுத்தது. பதினாலு மில்லிமீட்டர். இன்னொன்றை எடுத்தார், அதுவும் பதினாலு. தன் புட்டியில் சுருங்கிக் கிடந்ததை மைக்ரோஸ்கோப்பில் வைத்து வால்பக்கம் பார்த்தார். மூச்சுத்துளையில் மூன்று கீறல். ஸ்பிரிட்டில் உடம்பு சுருங்கும், இந்தக் கீறல் மாறாது. கடைசிப் பருவத்துப் புழு என்று அது சொன்னது. முதலிலேயே பார்த்துத் தொலைத்திருக்க வேண்டியது.

அறையின் சூட்டை வைத்து மறுபடி கணக்குப் போட்டார். முட்டை விழுந்தது செவ்வாய் காலை, வெயில் ஏறுவதற்குள். பெரியவர் அதற்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இரண்டு நிமிடச் சோம்பலுக்கு ஒரு பெண்ணைக் கொலைகாரி ஆக்கிவிட்டோமே என்று நினைத்தபோது தன் மேலேயே காறித் துப்பலாம்போல் இருந்தது. நல்லவேளை, எழுத்தில் எதுவும் தரவில்லை, சத்தமில்லாமல் செவ்வாய்க்கு முன்பே என்று எழுதிவிடலாம் என்று மனம் ஒரு கணம் பல்லைக் காட்டியது. அதுவும் அருவருப்பாக இருந்தது. ஃபோனை எடுத்து, தான் செய்த தப்பை இன்ஸ்பெக்டரிடம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது மகனும் அங்கே இருந்தான். அத்தர் தெளித்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்குப் பிணத்தைத் தருவீர்கள் என்று மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அத்தரும் பிணநாற்றமும் கலந்து வந்த வாடை தனி நாற்றமாக இருந்தது. டாக்டரம்மா அவனை உட்காரச் சொல்லவில்லை.

"செவ்வாய்க்கிழம ராத்திரி அப்பாவுக்கு என்ன குடுத்தீங்க?"

"ரொட்டியும் பாலும் மேடம். ரெண்டு ரொட்டி சாப்பிட்டாரு. நல்லாத்தான் பேசிட்டிருந்தாரு."

"செவ்வாய்க்கிழம காலையிலேயே அவரு மேல ஈ மொய்ச்சிருக்கு. வயித்துல ரொட்டி இல்ல. தலையணப் பஞ்சுதான் இருந்துச்சு."

கைக்குட்டை இறங்கியது. அழுவான் என்று பார்த்தால், அவன் முகத்தில் வந்தது எரிச்சல். யாரோ செய்த தப்புக்குத் தன்னைப் பிடித்துக் கேட்கிறார்களே என்கிற எரிச்சல்.

"அந்தம்மா லீவுல போறப்பவே மூணு நாளைக்கு எதயாச்சும் செஞ்சு பக்கத்துல வெச்சுட்டுப் போயிருக்கலாம்ல?"

 சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. மனுஷனா இவன் என்று சுத்தம் அண்ணன் சுவரைப் பார்த்து முணுமுணுத்துவிட்டுக் கை கழுவப் போனார். இன்ஸ்பெக்டர் அவனை நாற்காலியில் உட்கார வைத்து, மூன்று நாளும் எங்கே இருந்தாய் என்று முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தார். ஆயாம்மாவை அனுப்பிவிடச் சொல்லி ஸ்டேஷனுக்கும் ஃபோன் போட்டார்.

டாக்டரம்மா ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போனபோது, ஆயாம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒரு நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்ததில் புடவை கசங்கியிருந்தது. தப்பு தன்னுடையது, இறந்த நாளை மாற்றிச் சொன்னது தான்தான் என்று டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார், கையெடுத்துக் கும்பிட்டார். ஆயாம்மா திட்டவில்லை. கேட்டாரா என்பதே தெரியவில்லை.

"பசியோடயாம்மா போனாரு?" என்று கேட்டார்.

எத்தனையோ கோர்ட்டில், எத்தனையோ வக்கீல்களின் குறுக்குக் கேள்விக்கு முகம் மாறாமல் பதில் சொன்னவர் டாக்டரம்மா. இல்லை என்று ஒரு பொய் சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. ஆயாம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, போகலாம் என்று சொல்லிவிட்ட அந்த ஸ்டேஷனுக்குள் திரும்பிப் போய், அதே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.