காது மெஷினும் பத்தொன்பதாம் வாய்ப்பாடும்

ஓய்வுபெற்ற லைன்மேனுக்குக் கடவுள் கிடையாது. காது மெஷின் உண்டு. அவருடைய சம்பந்தி கணக்கு வாத்தியாருக்குக் காதும் நன்றாகக் கேட்கும், கடவுளும் உண்டு. மகளும் மருமகனும் இந்த இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்திருந்தார்கள், பாவம்.

காலையில் சாப்பாட்டு மேஜைக்குப் பேப்பர் வந்ததும் வாத்தியார் கடவுள் பேச்சை ஆரம்பிப்பார். லைன்மேன் காதைச் சொறிவதுபோல் கையைக் கொண்டுபோய் மெஷினை அணைத்துவிடுவார். பிறகு எல்லாம் புரிந்தவர் மாதிரி தலையாட்டுவார். வாத்தியாரின் உதடு நின்றதும் மெஷினைப் போட்டுக்கொண்டு, அரைமணி நேரம் வெளுத்து வாங்குவார். நாலு வருஷமாக இதே கூத்து. யாருக்கும் தெரியாது என்ற பெருமை வேறு.

ஒருநாள் வாத்தியார் பேசி முடித்து, லைன்மேனின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்து போனார். லைன்மேன் மெஷினைப் போட்டபோது மகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

“என்னப்பா, கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க? நீங்க சொன்னதுல ஒண்ணு சரிதான்னு மாமா தன் வாயாலயே ஒத்துக்கிட்டாரு.”

எந்த ஒன்று? கடைசி வார்த்தைதான் அவள் காதில் விழுந்ததாம். சம்பந்தியிடமே கேட்கலாமென்றால் குட்டு உடைந்துவிடும். தொண்டை வறளக் கத்தியதற்குக் கிடைத்த ஒரே வெற்றி, அதுவும் மெஷின் அணைந்திருந்த நேரத்தில்.

இன்னொரு தடவை சொல்லாமலா போவார் என்று, மறுநாளிலிருந்து மெஷினை அணைக்காமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வாத்தியார் அதைச் சொல்லவில்லை. வேறு என்னென்னவோ சொன்னார். பாதி உளறல் என்று லைன்மேனுக்குத் தோன்றியது. மீதிப் பாதிக்குப் பதில் தேடியே மத்தியானத் தூக்கம் கெட்டது. பதினெட்டாம் நாள் பேச்சு வாத்தியாருடைய மனைவிக்குப் பல வருஷங்களுக்கு முன்னால் நடந்த ஆபரேஷனுக்கு வந்தது. பிழைக்க நூற்றுக்குப் பத்துதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மீதித் தொண்ணூறை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது என்று தெரியாமல், ஆஸ்பத்திரி வராந்தாவில் வாத்தியார் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கும்பிட்டாராம். விடிந்ததும் அந்த அம்மாள் கண் விழித்ததைச் சொல்லும்போதே பாதியில் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் லைன்மேன் பொறுக்கமாட்டாமல் உண்மையைப் போட்டு உடைத்தார்.

“சம்பந்தி, அன்னைக்கு என் மெஷின் ஆஃப்ல இருந்துச்சு. எதைச் சரின்னு ஒத்துக்கிட்டீங்க?”

வாத்தியார் நிதானமாக டீயைக் குடித்து முடித்தார். “ஒண்ணையும் ஒத்துக்கலை. நீங்க எதுக்குக் காதைச் சொறியிறீங்கன்னு எனக்கு முதல் மாசமே தெரியும். உங்க பொண்ணை அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான்.”

பெற்ற மகளே கட்சி மாறிவிட்டாள். லைன்மேனுக்குக் கோபம் தலைக்கேறியது. நாலு வருஷமாகப் பேசியதில் ஒன்றுகூடவா தேறவில்லை என்று பாய்ந்தார்.

“தேறுமோ என்னமோ, யார் கேட்டா?” வாத்தியாருக்கு அசடு வழிந்தது. “அணைக்க எனக்கு மெஷின் இல்ல. நீங்க ஆரம்பிச்சா மனசுக்குள்ள பத்தொன்பதாம் வாய்ப்பாடு சொல்லிக்கிட்டிருப்பேன். இந்தப் பதினெட்டு நாளா நீங்க நிஜமாவே கேட்டீங்க, எனக்குத்தான் கூசுது. இன்னைக்கு நீங்க பேசுங்க. வாய்ப்பாடு இல்லாம கேக்குறேன்.”

சொன்னபடி பேப்பரை ஒதுக்கி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். லைன்மேன் தொண்டையைக் கனைத்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“என்னோடது எங்க போயிடப் போகுது, நாளைக்குச் சொல்றேன். சம்பந்தியம்மா கண்ணு முழிச்சதும் முதல்ல என்ன கேட்டாங்க?”