மூணு சர்வர், ஒரே பல் பிரஷ்

காலையில் அலுவலகத்தில் ஒருவராலும் லாகின் செய்ய முடியவில்லை. மேனேஜர் பழியைப் போன மாதம் சேர்ந்த பெண்ணின் தலையில் கட்டினார். "உனக்கு மெமோ அடிச்சே ஆகணும். முதல்ல என்னை உள்ள விடு!"

அவள் சர்வர் அறைக்குப் போய் ஒரு கோப்பைத் திறந்தாள். கடவுச்சொல் சரிபார்க்கும் மூன்று சர்வர்களுக்கும் பொதுக் கோப்பு அது. அதில் முதல் சர்வரின் முகவரியை யாரோ எழுதியிருக்க, மூன்றும் "நான்தான் ஒண்ணாம் நம்பர்" என்று மல்லுக்கு நின்றன. ஒவ்வொன்றின் முகவரியையும் அதனதன் தனிக் கோப்பில் போட்டாள். எல்லோருக்கும் லாகின் ஆனது.

"கூட்டுக் குடும்பம்னாலும் பல் பிரஷ் தனித்தனிதானே சார்."

"எந்த மடையன் மாத்தினான்?" பின்னாலேயே வந்திருந்த மேனேஜர் சீறினார்.

திரையைத் திருப்பினாள். நேற்று மாற்றியவர் என்ற இடத்தில் மேனேஜரின் பெயரே இளித்தது.

"மெமோ யாருக்கு சார்?"

"டீ குடிச்சியாம்மா?" என்றார்.