பிடுங்கிய இடத்தில் வலி

பல்லைப் பிடுங்கியாகிவிட்டது, வலி போகவில்லை. நெட்டையக்காவுக்கு விளங்காத கணக்கு இது. விடியற்காலையில் முதல் சட்டி சிமெண்ட் கலவையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சாரத்துப் பலகையில் ஏறுவாள். இரண்டாம் மாடித் திருப்பம் வரும்போது, கீழ்த்தாடையில் பல் இருந்த குழியை யாரோ கட்டைவிரலால் அழுத்துவதுபோல் வலி எழும். மேலே சட்டியைக் கவிழ்த்துவிட்டுச் சற்று நின்றால் வந்த சுவடு தெரியாமல் அடங்கும். சாப்பிடும்போது வலித்ததே இல்லை.

"உன் பல்லுக்கு வேலை செய்யப் பிடிக்கலக்கா," என்பாள் ஓட்டக்காரி.

"எனக்கு மட்டும் பிடிக்குதாக்கும்."

தளம் போடும் நாளில் வரிசை நிற்கக்கூடாது. தண்ணீர் பட்ட கலவை இறுகத் தொடங்கிவிடும். பாதியில் விட்டுப் பிறகு சேர்த்தால் அந்த இடம் விரிசல் விடும். ஏறும் பலகையோ ஒரு ஆள் அகலம். முந்த முடியாது. முன்னால் போகிறவர் வேகம்தான் எல்லாருடைய வேகமும். அதனால் கான்ட்ராக்டர் இளவயசு ஓட்டக்காரியைத்தான் முன்னால் விடுவார். போன மாதம் ஆட்களைக் குறைத்தார், சட்டிகளைக் குறைக்கவில்லை. நடுவழியில் நின்றுவிடுகிறவருக்கு மறுநாள் வேலை கிடையாது. நெட்டையக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

அவளுக்கு முன்னால் பாட்டுக்கார அண்ணன். ஏறும்போது பாடுகிற மனிதர். சில நாட்களாகப் பாட்டு திருப்பத்தோடு நின்றுவிடுகிறது.

"மிச்சப் பாட்டு எங்கண்ணே?"

"அது இறங்கும்போது. ஏறும்போது மூச்சுக்கே பத்தல," என்று இடக்கையை நீவிக்கொண்டார். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து வந்தார்.

அன்று திருப்பத்தில் நின்றார். சட்டியைச் சிந்தாமல் இறக்கிவைத்தார். பிறகு அதன் பக்கத்திலேயே சரிந்தார். முகம் சிமெண்ட் நிறத்தில் வியர்த்திருந்தது.

"என்ன அங்க? கலவை இறுகுது!" கீழிருந்து கான்ட்ராக்டர்.

"அண்ணன் விழுந்துட்டாரு!"

"ஓரமா நகத்திட்டு ஏறுங்க. மேல முடிச்சிட்டுப் பாத்துக்கலாம்."

ஏறினார்கள். அவர் சொன்னதால் மட்டுமல்ல, கால்களும் அப்படிப் பழகியிருந்தன. நெட்டையக்கா முதலில் நகர்த்தியது அண்ணனை அல்ல, சட்டியை. கலவை வீணாகக் கூடாதே. பிறகு அவர் கால்களைத் தாண்டினாள். அடுத்த நடையில் அவர் கண் அவளைப் பார்த்தது. அதற்கடுத்த நடையில் பார்க்கவில்லை.

தளம் முடிந்து தூக்கிக்கொண்டு போனபோது அண்ணனுக்கு உயிர் இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள்: "முன்னாடியே வலி இருந்துச்சா?"

"கைவலி. ஏறுனா வரும், நின்னா போயிடும்." நெட்டையக்கா தயங்கினாள். "எனக்குப் பல்லு அப்படித்தாம்மா. பிடுங்கியும் போகல."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "வலி பல்லுல இல்லக்கா. நெஞ்சுல."

ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, தன் கை முஷ்டியை இதயமாகக் காட்டி விளக்கினாள். இதயம் உடம்பு முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புகிறது. ஆனால் தனக்குள் நிரம்பியிருக்கும் இரத்தம் அதன் தசைக்கு நேராக உணவாவதில்லை. மேலே படர்ந்த சிறு குழாய்கள் வழியாகத்தான் வந்துசேர வேண்டும். அவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகினால், உட்கார்ந்திருக்கையில் வருவது போதும். சுமையோடு ஏறினால் இதயம் வேகமாக அடிக்கும், அதிகம் கேட்கும். வருவதோ பற்றாது. பட்டினித் தசை கத்தும். இதயத்தின் நரம்புகளும் தாடை, கை நரம்புகளும் மூளைக்குப் போகும் பாதையில் ஒன்றாகச் சேர்வதால், கத்துவது யாரென்று மூளைக்குத் தெரிவதில்லை. ஒருவரிடம் கை என்கிறது, இன்னொருவரிடம் பல் என்கிறது. நின்றால் பசி தணியும், வலி போகும். ஆனால் படிந்த கொழுப்பு ஒருநாள் வெடித்து, அங்கே இரத்தம் உறைந்து வழியை அடைத்துவிட்டால், நின்றாலும் போகாது.

"அண்ணனை உடனே கூட்டிட்டு வந்திருந்தா?"

நர்ஸ் முஷ்டியைப் பிரித்தாள். "அடைப்பைத் திறக்க வழி இருக்குக்கா. பிழைச்சிருக்கலாம்."

டாக்டர் மாத்திரை கொடுத்தார். பரிசோதனைக்கு நாள் குறித்தார். அதுவரை சுமையோடு ஏறவே கூடாது என்றார். ஏறாதவளுக்குக் கட்டடத்தில் என்ன வேலை? சாரத்தடியில் உட்கார்ந்து நர்ஸ் சொன்னதை எல்லாரிடமும் சொன்னாள். ஓட்டக்காரி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை முன்னால விட்டுத்தானேக்கா உங்களை விரட்டுனாரு," என்றாள்.

அடுத்த தளம் போடும் நாள். கலவையில் தண்ணீர் விழுந்தது. ஒருவரும் சட்டியைத் தலையில் வைக்கவில்லை. பலகை நெடுக, கைக்கு எட்டும் தூரத்தில் ஒவ்வொருவராகப் போய் நின்றார்கள்.

"என்ன வேடிக்கை இது? ஏன் நிக்கிறீங்க?" என்றார் கான்ட்ராக்டர்.

"நிக்கத்தாங்க வந்தோம்," என்றாள் நெட்டையக்கா. "சட்டி கைமாறிப் போகும். சுமந்துக்கிட்டு யாரும் ஏற மாட்டோம்."

"அவன் விதி முடிஞ்சு செத்தான். ஒரு பல்லுவலிக்காரிக்காக என் வேலை கெடணுமா? நிக்கணும்னா வீட்ல போய் நில்லு. ஆளுக்கா பஞ்சம்?"

"பஞ்சமில்லீங்க. கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் பொறுத்துக்குமான்னு கலவையைக் கேட்டுக்குங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். கான்ட்ராக்டர் சிரிக்கவில்லை, மேலே பார்த்தார். "இந்த ஆளுங்களை வச்சா? பாதி மாடிகூட எட்டாது."

உண்மைதான். அவர் குறைத்த ஆட்கள் நிற்க வேண்டிய இடமெல்லாம் வெறுமையாகக் கிடந்தது. அப்போது மேலிருந்து கொத்தனார் கரண்டியைத் துணையாளிடம் கொடுத்துவிட்டு இறங்கிவந்தார். கம்பி கட்டுகிறவர்களும் பின்னாலேயே வந்தார்கள். இடைவெளிகள் நிரம்பின.

"கொத்தனாரே, நீங்களுமா சட்டி பிடிக்கிறீங்க? அசிங்கமா இல்ல?"

"அண்ணன் விழுந்தன்னைக்குச் சட்டி எங்கடான்னு மேல நின்னு கத்துனேன் பாருங்க. அதுதாங்க அசிங்கம்."

"இன்னையோட எல்லாருக்கும் கணக்கு முடிச்சிடுவேன்."

"நாளைக்கு எல்லாரும் சேர்ந்தே வர்றோம்," என்றாள் ஓட்டக்காரி. "குறைச்ச ஆளைத் திரும்ப எடுக்கறது, சட்டி தூக்குற இயந்திரம், அண்ணன் வீட்டுக்கு நஷ்டஈடு. எல்லாத்தையும் சேர்த்தே பேசுவோம்."

கான்ட்ராக்டர் கலவையைப் பார்த்தார். அதன் விளிம்பு ஈரப் பளபளப்பு மங்கி இறுகத் தொடங்கியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, தொடங்கச் சொல்லிக் கையசைத்தார்.

முதல் சட்டி கிளம்பியது. அண்ணன் விழுந்த திருப்பத்தில் ஓட்டக்காரி நின்று வாங்கி, மேலே கொடுத்தாள். கீழே நெட்டையக்கா திரும்பிவரும் வெறுஞ்சட்டிகளை எடுத்துக் கொடுத்தாள். தாடையில் வலி இல்லை.

ஆட்கள் நின்றார்கள். சட்டி ஏறியது.