காயாத வட்டு

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? அந்தப் பாலைவனக் கொடியோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டியவள் அவள். வேரை அரைத்துப் பிழிந்து என்னென்னவோ செய்தும் ஒரு கிருமிகூடச் சாகவில்லை. நேற்று வந்த ஓரகத்தி, கொழுந்தனின் பெண்டாட்டி, அதே கொடியின் இலையை ஆல்கஹாலில் ஊறவைத்தாளாம். அந்தச் சாற்றில் நனைத்த காகித வட்டைக் கிருமி வளர்த்த தட்டில் வைத்தாளாம். வட்டைச் சுற்றிக் கிருமியே இல்லையாம்! இவளைச் சிபாரிசு செய்து இந்த ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டி வந்த தன் வாயைத்தான் தைக்க வேண்டும்.

"ஆறாத புண்ணுக்கு மருந்து கண்டுபிடிச்சுட்டாளாமே நம்ம சின்னவ!" என்று வீட்டில் மாமியார் வேறு பூரித்துப் போனாள். மூத்தவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டு நாளில் இயக்குநர் சோதனையைப் பார்க்க வருவதாக இருந்தது. கொடி ஆய்வின் பொறுப்பு யாருக்கு என்பதை அப்போதுதான் முடிவு செய்வார்.

அவர் வருவதற்கு முந்தின நாள் மூத்தவள் சின்னவளின் மேஜையை எட்டிப் பார்த்தாள். நனைத்த வட்டைச் சின்னவள் சொட்டச் சொட்ட அப்படியே தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். மூத்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடி பைத்தியக்காரி! ஆல்கஹால் காய்ந்த பிறகல்லவா வட்டை வைக்க வேண்டும்? ஒப்பிட்டுப் பார்க்க வெறும் ஆல்கஹால் தட்டும் இல்லை. கிருமியைக் கொன்றது கொடியா ஆல்கஹாலா, யார் கண்டது?

"எல்லாம் சரியா இருக்காக்கா?" என்று கேட்டாள் சின்னவள்.

"உனக்கு நான் சொல்லணுமா? ஜமாய்!"

மறுநாள் இயக்குநர் தட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். "வட்டைக் காய வெச்சீங்களாம்மா? வெறும் ஆல்கஹால் தட்டு எங்கே?"

சின்னவள் தட்டுகளை மாறி மாறிப் பார்த்தாள். மூத்தவள் உள்ளுக்குள் குதித்தாள்.

"தெரியல சார். அக்கா பார்த்தாங்க, சரின்னாங்க."

இயக்குநர் திரும்பினார். "பார்த்தீங்களா?"

தெரிந்தும் சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வது? "பார்த்தேன் சார்... எனக்கும் தோணல" என்று மென்று விழுங்கினாள்.

"புதுசா வந்தவங்களுக்குத் தெரியலன்னா பரவாயில்ல. இத்தனை வருஷம் இருந்த உங்களுக்குமா?" அவர் சின்னவளைப் பார்த்தார். "இலையில ஏதாவது இருக்கலாம். முதல்ல இருந்து ஒழுங்கா செய்ங்க. பொறுப்பு உங்ககிட்ட இருக்கட்டும்."

வெளியே வந்ததும் சின்னவள் மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கச் சொன்னாள்:

"மனசு தளராதீங்கக்கா. வட்டை எப்படிக் காய வைக்கணும்னு நான் கத்துக்கிட்டு வந்து உங்களுக்கும் சொல்லித் தரேன்."