பாராசூட் எங்கள் வீட்டில் இருந்த நான்கு நாள்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் அக்கா முத்தாத்தாள், அவளுடைய வீட்டுக்காரரும் என் மச்சானுமாகிய காளிச்சாமி, ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற தேவதாஸ், பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியையாக இருந்த அவர் மனைவி விமலாராணி. அந்த அறை, போத்தனூரில் அவர்கள் வீட்டில் இருப்பது. ஆறாவதாக ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே எழுதக் காரணம், 'நானும் கூட இருந்தேன்' என்று சோமனூர்ப் பக்கம் இப்போது பதினைந்து பேராவது சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

1995 ஆகஸ்ட் மாதம். யுத்தம் முடிந்து ஐம்பது வருஷம் ஆனதை முன்னிட்டு, தேவதாஸும் அவருடைய ஓய்வுபெற்ற நண்பர்களும் சிறு புத்தகம் ஒன்று போடுவதாக இருந்தார்கள். போர்க்காலத்தில் நம் ஜில்லாவில் நடந்து, இன்றுவரை விளங்காத சங்கதிகள் பதினொன்று அதில் இருந்தன. சீல் வைத்துப் புறப்பட்ட கூட்ஸ் வண்டி, சீல் உடையாமலே காலியாக வந்து நின்றது ஒன்று. ஆளில்லாத பங்களாவில் பியானோ வாசித்தது ஒன்று. ஏழாவது எங்களுடையது.

அச்சகத்தில் வேலை பார்ப்பவர் எங்கள் ஊர்க்காரர். பிழை திருத்தும் தாளை அவர் கொண்டுவந்து காட்டினார். அதில் இருந்ததை அப்படியே தருகிறேன்:

"காரமடைத் தேர் நடந்த நாளில், சோமனூருக்கு மேற்கே ஒரு தோட்டத்தில் பாராசூட் ஒன்று இறங்கியது. அதில் வந்த வெள்ளைக்காரர் என்ன ஆனார் என்பது தெரியவில்லை. தோட்டக்காரர் அவரை அடித்துக் கொன்று புதைத்துவிட்டதாகச் சொல்வார்கள். பாராசூட் இரத்தக்கறை போகத் துவைக்கப்பட்டே ஒப்படைக்கப்பட்டது என்பதும் செவிவழிச் செய்தி."

அந்தத் தோட்டக்காரர் எங்கள் அய்யன். என்னைப் பெற்ற தகப்பனார். ஊர்ப் பஞ்சாயத்தில் நாற்பது வருஷம் உட்கார்ந்து நியாயம் சொன்னவர். புத்தகம் அச்சாகி வந்தால் அவர் பெயருக்கு என்ன மிஞ்சும்? திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது என்றார்கள். சனிக்கிழமை காலையில் வாடகைக் கார் பேசி, சாட்சிக்கு அக்காவையும் மச்சானையும் ஏற்றிக்கொண்டு போத்தனூருக்குப் புறப்பட்டேன்.

எங்கள் குடும்பத்தில் இதைச் சொல்வதற்கு ஒரு முறை உண்டு. 1944ஆம் வருஷம், மாசித் தேர் அன்று மத்தியானம், பாதி ஊர் காரமடைக்குப் போயிருந்த நேரம். எங்கள் சோளக்காட்டில் வெள்ளையாக ஒன்று வந்து விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். எனக்கு அப்போது பதினைந்து வயது. கயிறு இருந்தது, வார் இருந்தது, ஆள் இல்லை. வாரின் கொக்கிகள் எல்லாம் பூட்டியபடியே இருந்தன. சுற்றிலும் சோளத்தட்டு ஒன்றுகூட மிதிபடவில்லை. அய்யன் அதைச் சுருட்டி எடுத்து, அன்று சாயங்காலமே பக்கத்திலிருந்த வெள்ளைக்காரர்களின் விமானக் களத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிவந்தார். ஐம்பத்தொரு வருஷமாக நான் சொல்லிவந்தது இவ்வளவுதான்.

காரில் போகும்போது அக்காவிடம் சொன்னேன். "ஏதாவது கேட்டாங்கன்னா 'அன்னிக்குச் சாயங்காலமே'ன்னு சொல்லு. அதுக்கு மேல ஒண்ணும் பேச வேண்டாம்."

"ரெண்டு வார்த்தைதானே? சொல்லிப்போடறேன்," என்றாள் அக்கா.

"மாப்ளே, எனக்கு என்ன வார்த்தைங்க?" என்றார் மச்சான்.

"நீங்க பேசவே வேண்டாமுங்க."

"அப்ப எதுக்குங்க என்னைக் கூட்டீட்டுப் போறீங்க?"

"கௌரவத்துக்கு."

அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியும். என்னைப் பார்த்துச் சிரிப்பது அவருக்குக் கல்யாணமான நாளிலிருந்து வழக்கம்.

தேவதாஸ் வாசலுக்கே வந்து எங்களை அழைத்துப்போனார். விமலாராணி டீயும் கேக்கும் கொண்டுவந்து வைத்தார். நான் கேக் சாப்பிடுவதில்லை. மச்சான் என் துண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்.

நான் சொல்ல வேண்டியதை நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். தேவதாஸ் கவனமாகக் கேட்டார்.

"உட்காருங்கய்யா. நாங்க யாரையும் குற்றம் சொல்லலீங்க. செவிவழிச் செய்தின்னுதான் போட்டிருக்கோம். எனக்கே ஒரு சந்தேகம் உண்டுங்க. புதுப் பாராசூட்டைச் சோதிச்சுப் பார்க்க ஆளுக்குப் பதிலா மணல் மூட்டையைக் கட்டித் தள்ளுவாங்களாம். அது மாதிரி இருக்கலாமுங்களே?"

"மூட்டையும் இல்லை. நானே பார்த்தேன்," என்றேன்.

மச்சான் கேக்கை மென்றுகொண்டே, "மாப்ளே, உங்க ஊர்க்காரங்க மணலைக்கூட விட்டுவைக்கலீங்களா?" என்றார்.

அவரைக் கண்டுகொள்ளாமல் சட்டைப்பையிலிருந்து ரசீதை எடுத்து நீட்டினேன். பழுப்பேறிய தாள், இங்கிலீஷில் நாலு வரி, கீழே ஒரு கையெழுத்து. அதை இத்தனை வருஷம் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். கொலைகாரனுக்கு எவன் ரசீது கொடுப்பான்?

விமலாராணி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "பாராசூட் ஒன்று, சுத்தமான நிலையில், மடித்தது, பெற்றுக்கொள்ளப்பட்டது," என்று தமிழில் சொன்னார். பிறகு உள்ளே போய் ஒரு பழைய நோட்டை எடுத்துவந்தார். தேவதாஸின் தகப்பனாரும் கார்டாக இருந்தவர். வேலைக்குப் போன வண்டிகளை நாள்வாரியாகக் குறித்துவைத்த நோட்டு அது.

"ஏனுங்கய்யா, காரமடைத் தேர் ஸ்பெஷல் மார்ச் ஒன்பதுன்னு மாமனார் எழுதியிருக்காருங்க. ரசீதுல பதிமூணுன்னு இருக்குதே?"

நான் டீயை எடுத்தேன். சூடாக இருந்தது. கீழே வைத்தேன்.

"அம்மா, நீங்க சொல்லுங்க," என்று அவர் அக்கா பக்கம் திரும்பினார். "பாராசூட்டை எப்பக் கொடுத்தாங்க?"

"அன்னிக்குச் சாயங்காலமே," என்றாள் அக்கா. சொன்னபடி சொல்லிவிட்டு, வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"என்னைக்குச் சாயங்காலமுங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். "அதுக்கு நீ சொல்லிக் குடுக்கலியே, தம்பி!"

மச்சான் வாய்விட்டே சிரித்துவிட்டார். தேவதாஸ் மரியாதையான மனிதர், விட்டத்தைப் பார்த்தார். விமலாராணி மட்டும் சிரிக்காமல், வகுப்பில் கேட்பதுபோல் கேட்டார்: "நடுவுல நாலு நாள் இருக்குதுங்களே. அந்த நாலு நாளும் பாராசூட் எங்கீங்க இருந்துச்சு?"

"பத்திரமாக இருந்தது," என்றேன்.

"பத்திரமான்னா எங்கீங்க?"

"எங்க தலைக்கு மேலதானுங்க," என்றாள் அக்கா.

"அக்கா!" என்று அதட்டினேன்.

"நீ சும்மா இரு தம்பி. அய்யனைக் கொலைகாரருன்னு புஸ்தகத்துல போடறாங்க, நீ பத்திரம் பத்திரம்னு சொல்லீட்டு நிக்கறே." அவள் விமலாராணியின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். "அம்மிணி, தேர் முடிஞ்சு மூணாம் நாள் எனக்குக் கல்யாணமுங்க."

அதற்கு மேல் அவளை நிறுத்த முடியவில்லை. அவள் சொன்னது உண்மை என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பந்தலுக்கு உட்புறமாக, மணவறைக்கு நேர் மேலே வெள்ளைத் துணி கட்ட வேண்டும். ஊர் வண்ணார் வெளுத்த துணி கொண்டுவந்து கட்டுவார். அது இல்லாமல் முகூர்த்தம் இல்லை. 1944இல் துணிக்குக் கட்டுப்பாடு. ரேஷன் கார்டுக்கு இத்தனை கஜம் என்று அளந்துதான் கொடுத்தார்கள். வண்ணாரிடம் இருந்ததெல்லாம் கிழிந்து ஒட்டுப்போட்ட துணி. சம்பந்தி வீட்டார் நாற்பது வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். ஒட்டுத்துணிக்குக் கீழே மகளை உட்கார வைப்பதா என்று அய்யன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அப்போதுதான் சோளக்காட்டில் அத்தனை பெரிய வெள்ளைத் துணி, அப்பழுக்கில்லாமல், ஆகாயத்திலிருந்து வந்து விழுந்தது.

அய்யன் அதைத் திருடவில்லை. முகூர்த்தம் முடிந்ததும் கொடுத்துவிடுவது என்று அப்போதே தீர்மானித்துவிட்டார். வண்ணார் கயிறுகளை உள்ளே மடித்துக் கட்டினார். பார்த்தவர்கள் எல்லாம் அந்த மாதிரிப் பந்தல் கண்டதில்லை என்றார்கள். கல்யாணம் முடிந்து இறக்கினால், மஞ்சள்தண்ணீரும் சந்தனமும் விளக்குப் புகையும் பட்டிருந்தது. இன்னொருவர் பொருளை அழுக்காகத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. வெள்ளாவி வைத்து, கஞ்சி போட்டு, மடித்து, சீர்த்துணிக்கு வைப்பதுபோல் ஓரத்தில் ஒரு துளி மஞ்சள் தடவி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு தேங்காயோடு அய்யன் விமானக் களத்துக்குக் கொண்டுபோனார்.

அங்கேதான் வினை பிடித்தது. தொலைந்த பாராசூட் ஒன்று, சலவைக்குப் போட்டு எடுத்ததுபோல் விறைப்பாக, தேங்காயோடு வந்து நின்றால் அந்தத் துரை என்ன நினைப்பான்? எதற்காகத் துவைத்தாய், ஆள் எங்கே என்று கேட்டான். ஆள் இல்லை என்றார் அய்யன். எதற்காகத் துவைத்தார் என்பதைச் சொல்லவில்லை. சர்க்கார் சொத்தைப் பந்தலாகக் கட்டியதற்கு என்ன தண்டனையோ என்பது ஒன்று. சம்பந்தி காதுக்குப் போகுமே என்பது இன்னொன்று. மறுநாள் நாலு சிப்பாய்கள் வந்து சோளக்காட்டில் மூன்று இடத்தில் தோண்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்களுடைய ஆட்களிலும் யாரும் குறையவில்லை, எந்த விமானமும் குறையவில்லை என்று பிற்பாடு அவர்களே சொல்லி ரசீதைக் கொடுத்தனுப்பினார்கள். பாராசூட்டை ஒப்படைத்த தேதியைத்தான் அதில் போட்டிருந்தார்கள். ஆனால் தோண்டிய குழி மூன்றும் ஊர்க்கண்ணில் பட்டுவிட்டது.

அக்கா முடித்ததும் தேவதாஸ் பேனாவை எடுத்தார். "இது ரொம்ப நல்லா இருக்குதுங்களே! கொலையை எடுத்துப்போட்டு இதையே போட்டரலாமுங்க."

"வேண்டாம்," என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கொலை என்றே இருக்கட்டும்," என்றேன்.

"அட, என்ரா இது!" என்றாள் அக்கா. "ஆளைக் கொன்னாருன்னா உனக்குப் பரவாயில்லை, இரவல் துணியில பந்தல் போட்டாருன்னா கேவலமா?"

"கொன்றார் என்றால் பயப்படுவார்கள். இரவல் என்றால் சிரிப்பார்கள். அதுவும் சம்பந்தி வீட்டாரை இந்த வயதில் எந்த முகத்தோடு..." என்று சொன்னவன், சம்பந்தி வீட்டாரில் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதை நினைத்து நிறுத்தினேன்.

மச்சான் விரலில் ஒட்டியிருந்த கேக்கைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்ளே, நான் ஒண்ணு சொல்லலாமுங்களா? கௌரவத்துக்குத்தான் வந்தேன், ஆனாலும் சொல்றேன். தாலி கட்டறப்ப நான் எங்கீங்க பார்ப்பேன்? பொண்ணைப் பார்த்தா சிரிப்பாங்கன்னு மேல பார்த்தேன். மேல இங்கிலீசுல கறுப்பா நம்பர் போட்டிருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியும். எங்க அப்பனுக்கும் தெரியும்."

"தெரியுமா?"

"பந்தலுக்குள்ள வந்ததுமே எங்க அப்பன் அண்ணாந்து பார்த்துப்போட்டு எங்கிட்டச் சொன்னாரு. 'மேல பார்க்காதீங்கன்னு நம்ம சனத்துக்கிட்டச் சொல்லிப்போடு. அவங்க பொண்ணு கல்யாணத்துக்கு வானத்தையே புடிச்சுக் கட்டியிருக்காங்க, நாம பார்த்தா வருத்தப்படுவாங்க'ன்னு. நாற்பது வண்டிச் சனமும் குனிஞ்சுட்டேதானுங்க கல்யாணம் பார்த்துச்சு. எங்க ஊட்டுல இதுவரைக்கும் யாராச்சும் ஒரு வார்த்தை பேசியிருக்காங்களா?"

பேசியதில்லை. யோசித்துப் பார்த்தேன், ஒருவரும் பேசியதில்லை. அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் தலைகுனிந்து அடக்கமாக இருந்தார்கள் என்று அய்யன் சாகும்வரை பெருமையாகச் சொல்வார்.

"அம்பத்தொரு வருசமா உங்களைப் பார்த்துச் சிரிச்சிருக்கேன், மாப்ளே. இதுக்கு மட்டும் சிரிச்சதில்லீங்க," என்றார் மச்சான்.

விமலாராணி என் முன்னால் இருந்த ஆறிய டீயை எடுத்துவிட்டு வேறு டீ கொண்டுவந்து வைத்தார். யாரிடமிருந்து அய்யன் மறைத்தாரோ அவர்களே மறைத்துவைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். இனி நான் யாரிடமிருந்து எதைக் காப்பாற்றுவது?

"சரி, போடுங்கள்," என்றேன். "ஆனால் 'இரவல்' என்ற சொல் வரக்கூடாது."

"வேற எப்படீங்க போடறது?" என்றார் தேவதாஸ்.

"'தற்காலிகமாக' என்று போடுங்கள்."

"தற்காலிக இரவல்னு போட்டரலாமுங்க," என்றாள் அக்கா.

விமலாராணி சிவப்புப் பேனாவால் கொலையை அடித்தார். அதன் மேல் சிறிய எழுத்தில் பந்தலை எழுதினார். கடைசியில், "அதில் வந்தவர் யார், எங்கே போனார் என்பது இன்றுவரை தெரியாது" என்று, வெள்ளைக்காரரைப் பற்றிய வரியை மட்டும் மாற்றி விட்டுவைத்தார். அது சரியான வரி. பூட்டிய கொக்கிக்கும் மிதிபடாத சோளத்துக்கும் என்னிடம் பதில் இல்லை.

தாளின் ஓரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் போட்டேன். அக்காவும் போட்டாள். மச்சான், "மாப்பிள்ளை வீட்டார் சார்பில்" என்று எழுதி அவருடையதையும் போட்டார்.

புத்தகம் வந்து இரண்டு மாதமாகிறது. முத்தாத்தாளின் கல்யாணச் சேலையும் அதே பாராசூட்டை வெட்டிச் சாயம் போட்டதுதான் என்று இப்போது சோமனூர் பஸ் ஸ்டாப்பில் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். அது பொய். சேலை, தேருக்கு ஒரு மாதம் முன்பே கோயம்புத்தூரில் கடையில் வாங்கியது, அரக்கு நிறம்.