வால்டரின் முன்பல்

ராயபுரத்தில் வால்டரைத் தெரியாதவர்கள் இருந்தால், அவர்கள் கல்யாணத்துக்கும் போகாதவர்கள், சாவுக்கும் போகாதவர்கள் என்று அர்த்தம். பேண்டு செட்டின் முன்வரிசையில், சரிகை வைத்த சிவப்புக் கோட்டுடன் டிரம்பெட் ஊதிக்கொண்டு போவாரே, அவர்தான். அவருடைய மனைவி ஞானம் காசிமேட்டில் இறால் கம்பெனியில் வேலை செய்தாள். ஊர்வலம் போகும்போது உன் வூட்டுக்காரரு யாரு என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், இறால் உரித்து வெளுத்துப்போன விரலை நீட்டி, "முன்னாடி, மொத ஆளு" என்பாள். அந்த நேரத்தில் அவள் கழுத்து கொஞ்சம் நீளமாகிவிடும்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அந்த வால்டருக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. சாயங்காலமானால் குளிர் தூக்கிப் போடும், விடிந்தால் வேர்த்துக் கொட்டும். மலேரியா என்றார் ஒரு டாக்டர். டைபாய்டு என்றார் இன்னொருவர். தெருமுனை மருந்துக்கடைக்காரர் எதுவும் சொல்லாமலே மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டால் இறங்கும், நிறுத்தினால் ஏறும். ஒரு கல்யாண ஊர்வலத்தில் பாதிப் பாட்டில் ஊதுவதை நிறுத்திவிட்டு, மூச்சு வாங்க, ஜெனரேட்டர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வால்டர் பாதிப் பாட்டில் நின்றதாகச் சரித்திரமே கிடையாது. ஞானம் முதல்முறையாகப் பயந்தது அன்றைக்குத்தான்.

எந்த டாக்டரிடமும் வால்டர் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. மேல் முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ஈறு வீங்கி, அமுக்கினால் சீழ் வந்தது. டிரம்பெட்டின் வாய் சரியாக அந்த இடத்தில்தான் அழுந்தும், உயிர் போகும். இதற்குப் பேண்டுக்காரர்களிடம் ஒரு கைவைத்தியம் உண்டு. ஊதுவதற்கு முன்னால் ஒரு சிட்டிகை புகையிலையை ஈறுக்கு மேலே அடக்கிக்கொள்வார்கள். அந்த இடம் மரத்துப்போகும், ஊர்வலம் முடியும்வரை கவலையில்லை. பல் டாக்டரிடம் மட்டும் ஒருத்தரும் போகமாட்டார்கள். துணிந்து போன ஒருவர் முன்பல் இரண்டையும் பறிகொடுத்துவிட்டு, இன்றுவரை ஜால்ரா தட்டிக்கொண்டு வருகிறார். அவரைப் பார்த்தே மற்றவர்கள் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்கள்.

தலையணை உறையில் ரத்தக்கறையைத் துவைக்கிற ஞானத்துக்கு இது தெரியாதா? பல்லைக் காட்டு என்று அவள் சொன்னபோதெல்லாம், மாதா திருவிழா முடியட்டும் என்பார். திருவிழா முடிந்தால் கல்யாண சீசன். சிரிப்பதைக்கூட விட்டுவிட்டார் மனுஷன். சிரித்தால் கையை வாய்க்குக் குறுக்கே வைத்துக்கொள்வார்.

ஒருநாள் எழுந்திருக்கவே முடியாமல் கிடந்தவரை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா அவர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். விரல் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பல்லில் ஏதாவது தொந்தரவு உண்டா என்று விசாரித்தார். வால்டர் இல்லை என்று தலையாட்டினார்.

"பொய் சொல்றாரு டாக்டரம்மா," என்றாள் ஞானம். "முன்பல்லு ஆடுது. சீழ் வருது. பொகையில வெச்சி அமுக்கிகினு ஊதறாரு."

கல்யாணமான நாளிலிருந்து வால்டர் அவளை அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. பார்த்தால் பார்க்கட்டும் என்று அவளும் நின்றாள்.

ரத்தம் எடுத்து, ஸ்கேன் பார்த்து, டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னார். ஈறில் இருந்த கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்தின் வால்வில் போய் உட்கார்ந்திருக்கிறது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலில் அந்த வால்வு முன்பே பழுதாகியிருந்ததால் கிருமிக்கு வசதியாகப் போயிற்று. வாரக்கணக்கில் ஊசி போடவேண்டும். பல்லையும் எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் திரும்ப வரும், அப்போது வால்வு தாங்காது. ஞானத்துக்கு இது சட்டென்று பிடிபட்டது. கம்பெனியில் மேல்பெட்டி இறால் கெட்டால், ஐஸ் உருகி அந்தத் தண்ணீர் கீழ்ப்பெட்டியில்தான் இறங்கும். கீழ்ப்பெட்டியை மட்டும் கழுவிக்கொண்டிருந்தால் நாற்றம் போகுமா?

வால்டர் ஊசிக்கு ஒத்துக்கொண்டார். பல்லுக்கு மாட்டேன் என்றார்.

"பல்லு பூட்டா நான் இன்னா பண்றது? ஜால்ரா தட்டவா? அதுக்குச் செத்தே போலாம்."

ஞானம் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். போர்வையை அவர் கால்வரை இழுத்துவிட்டுப் பேசினாள்.

"சரி, செத்துப் போ. உன் செட்டு வந்து உன் முன்னாடி ஊதும். அன்னிக்கு மொத ஆளா நின்னு எவன் ஊதணும்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

செட்டில் இருந்த ஒவ்வொருவர் முகமும் வால்டர் மனதில் வந்து போயிருக்க வேண்டும், ஒருத்தரும் தேறவில்லை போலிருக்கிறது. பல் டாக்டர் வந்தபோது யாரும் சொல்லாமல் அவராகவே வாயைத் திறந்தார்.

வீட்டுக்கு வந்து, தேறி, பொய்ப்பல் கட்டியதும் டிரம்பெட்டை எடுத்தார். அதன் சின்ன வாய் பொய்ப்பல்லை அழுத்தியது. காற்று பக்கவாட்டில் சீறியது, ஸ்வரம் உடைந்தது. டிரம்பெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்தவர் ஒரு வாரம் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. தான் காட்டிக்கொடுத்தது தப்போ என்று ஞானம் தவித்த நாட்கள் அவை.

பேண்டு மாஸ்டர் அருள்பிரகாசம் ஒரு சாக்கு மூட்டையோடு வந்தார். உள்ளே யூபோனியம், கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்து ஊதுகிற பெரிய குழல். அதன் வாய் அகலம், அழுத்தம் உதடு முழுக்கப் பரவும், ஒரு பல்லின் மேல் ஏறாது. ஆனால் நெஞ்சு நிறைய மூச்சு வேண்டும். அந்த மூச்சு செட்டில் யாருக்கும் இல்லாததால்தான் அது சாக்கில் கிடந்தது. டாக்டரம்மாவிடம் கேட்டு, அவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக, விடிகாலையில் கடற்கரைப் பாறையில் உட்கார்ந்து வால்டர் ஊதிப் பழகினார். காய்ச்சல் இல்லாத உடம்பில் மூச்சு எவ்வளவு இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. இத்தனை நாள் எங்கே போயிருந்தது இது என்று ஆச்சரியப்பட்டார்.

அடுத்த மாதா திருவிழாவில் தேர் கிளம்புமுன், வால்டர் செட்டில் அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னார். புகையிலை வைத்திருந்தவர்களைக் குழாயடிக்குத் துரத்தினார். கொப்பளித்துவிட்டு வந்த பிறகுதான் கோட்டு மாட்ட விட்டார்.

இறால் கம்பெனிப் பெண்களோடு ஞானம் தெருவோரத்தில் நின்றாள். டிரம்பெட்டுகள் கடந்து போயின. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி, உன் வூட்டுக்காரரு முன்னாடி காணோமே என்றாள். அப்போது பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. காதில் விழுவதற்கு முன்னால் நெஞ்சில் விழுந்தது.

ஞானம் விரலை நீட்டினாள்.

"கடைசில. அவுரு ஊதுனாத்தான் முன்னாடி போறவனுக்கே காலு நவுரும்."

வால்டர் அவளைக் கடந்தபோதும் ஊதிக்கொண்டுதான் இருந்தார். தேர் நிலைக்கு வந்து பாட்டு முழுசாக முடிந்ததும் குழலை இறக்கிவிட்டு, தேரோடு நடந்து வந்த கூட்டத்தில் அவளைத் தேடிப் பிடித்து, கையைக் குறுக்கே வைக்காமல் பல் தெரியச் சிரித்தார்.